எழுதாத சுரம் ஏட்டில் ஏறிய கதை

1711 பிப்ரவரி 24 அன்று, லண்டன் ஹேமார்க்கெட்டில் இருந்த குவீன்ஸ் தியேட்டரில் ஹாண்டலின் ‘ரினால்டோ’ ஆபரா முதன்முதலாக மேடையேறியது. அதன் இரண்டாம் அங்கத்தில் சிறைப்பட்ட அல்மிரேனா தன் விதியை நினைத்து ஒரு பாட்டுப் பாடுவாள். அன்று அதைப் பாடியவர் இசபெல்லா ஜிரார்தோ. அந்தப் பாட்டின் தாளை இன்று எடுத்துப் பார்க்கிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். இவ்வளவு கொஞ்சம் சுரங்களா? சில அசைகள், பிறகு ஒரு மௌனம். மறுபடி சில அசைகள், மறுபடி மௌனம். பாட்டுப் படிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆன குழந்தைகூடத் தாளைப் பார்த்துப் பாடிவிடும்.

நடுப்பகுதி முடியும் இடத்தில் இரண்டு சொற்கள் இருக்கும்: டா காபோ. இத்தாலிய மொழியில் ‘தலையிலிருந்து’ என்று பொருள். பாடகி முதல் பகுதிக்குத் திரும்ப வேண்டும். திரும்பிப் பார்க்கும் தாள் அதேதான். ஆனால் நல்ல பாடகி ஒருவர் திரும்பி வரும்போது நம் காதில் விழுவது அதே பாட்டாக இருக்காது. தாவி ஏறிய இடத்தில் ஒரு படிக்கட்டு முளைத்திருக்கும். நீண்டு நின்ற சுரம் நடுங்கி உடைந்து நாலாகச் சிதறியிருக்கும். முதல் தடவை வேண்டுகோளாக ஒலித்தது இரண்டாம் தடவை விம்மலாகியிருக்கும்.

இந்தக் கூடுதல் சுரங்களை எழுதியது யார் என்று கேட்டால், யாரும் எழுதவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். பாடுகிறவரின் தொண்டையில் பிறந்து, மண்டபத்தின் காற்றில் கரைந்துபோனவை அவை. ஆனால் அபூர்வமாகச் சில தடவை, யாரோ ஒருவர் அவற்றைத் தாளில் பிடித்து வைத்திருக்கிறார். அந்தச் சில தடவைகளின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பரோக் பாட்டுக்கு அலங்காரம் சேர்க்க இன்று கற்கும் எவருக்கும் குரு அந்தத் தாள்கள்தான். குருவிடமிருந்து சீடருக்கு வாய்வழியாக வந்த பரம்பரை நடுவிலே அறுந்துவிட்டது.

தொடக்கம் ஹாண்டலுக்கு வெகு முன்னால். 1535-இல் வெனிஸில் சில்வெஸ்த்ரோ கனாஸ்ஸி ‘ஃபொந்தெகாரா’ என்ற நூலை அச்சிட்டார். ரெக்கார்டர் என்ற மரக்குழல் வாசிப்பவர்களுக்கான நூல். 1553-இல் ரோமில் தியேகோ ஓர்த்திஸ், வயோல் வாசிப்பவர்களுக்காக இன்னொன்று வெளியிட்டார். இரண்டும் கற்றுத்தந்த வித்தை ஒன்றுதான்: நீண்ட சுரத்தை உடைப்பது. நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றுவது போல. ஐந்து இருபதாக வாங்கலாம், பத்துப் பத்தாக வாங்கலாம், ஐம்பதும் இருபதும் பத்துமாகக் கலந்தும் வாங்கலாம். எண்ணிப் பார்த்தால் நூறு இருக்க வேண்டும். சுரத்தை எட்டாக உடைத்தாலும் பதினாறாக உடைத்தாலும், அது எடுத்துக்கொண்ட காலம் இம்மியும் கூடக் கூடாது. உடைத்து முடித்ததும் அடுத்த சுரத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மற்றக் குரல்கள் தம் வழியில் நடந்துகொண்டிருக்கின்றன. அவை நமக்காகக் காத்திருப்பதில்லை.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்குப் பிருகா என்ற சொல் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். இத்தாலியர்களும் இந்தக் கலையைத் தொண்டையின் பெயராலேயே அழைத்தார்கள்: கோர்ஜா. ஆனால் ஒற்றுமையை அதற்கு மேல் நீட்டினால் தவறாகப் புரிந்துகொள்வோம். நம் பாடகருக்கு அடியில் அசையாத சுருதி இருக்கிறது. அவர்களுடைய பாட்டுக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கீழ்க்குரல் இருக்கிறது. இந்தக் கணம் இனித்த சுரம், கீழ்க்குரல் ஓர் அடி எடுத்து வைத்ததும் உறுத்தத் தொடங்கிவிடும். அதனால் அங்கே அலங்காரப் பயிற்சி காதில்தான் தொடங்குகிறது, கீழே நடப்பதைக் கேட்பதில்.

குழலுக்கும் வயோலுக்கும் நூல் வந்தாயிற்று, தொண்டைக்கு? 1562-இல் நேப்பிள்ஸில் ஒரு கடிதத் தொகுப்பு வெளிவந்தது. எழுதியவர் ஜொவான்னி கமில்லோ மஃபேயி, தொழிலால் மருத்துவர். தன் புரவலரான பிரபுவுக்கு, குரு இல்லாமலே தொண்டையால் பாடக் கற்பது எப்படி என்று ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அலங்காரக் கலையைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். மருத்துவர் என்பதால் குரல் உடலில் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறார். பிறகு விதிகள். வயிறு நிறைந்திருக்கும்போது பாடாதே. கையில் கண்ணாடி பிடித்துக்கொண்டு பாடு; முகம் கோணுவது தெரியும். நாக்கின் நுனி கீழ்ப்பல் வேரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். நண்பர்களோடு பேசும்போது வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தால் போதும். எதிரொலி திரும்பி வரும் இடமாகப் பார்த்துப் பாடு. உன் குரல் நல்லதா கெட்டதா என்று அந்த எதிரொலியே உனக்குச் சொல்லும். ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்க வேண்டும் என்று அந்த மருத்துவருக்குத் தோன்றியிருக்கிறது.

எந்த உயிரெழுத்தில் பிருகா பாடலாம் என்பதற்கும் அவரிடம் விதி உண்டு. ஒகரம் சிறந்தது என்கிறார். இகரத்தில் ஓடினால் தாயைத் தொலைத்த சின்ன விலங்கு முனகுவது போலிருக்கும், உகரத்தில் ஓடினால் ஓநாய் ஊளையிடுவது போலிருக்கும் என்கிறார். ஒரு பாட்டுக்கு நாலைந்து இடங்களில் உடைத்தால் போதும். இனிப்பு அதிகமானால் காதுக்குத் திகட்டிவிடும். பலர் சேர்ந்து பாடும்போது ஒருவர் பின் ஒருவராக உடையுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் உடைத்தால் பாட்டு குழம்பிப்போகும். இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை திரும்புவது அதில்தான்.

1593-இல் ரோமில், போப்பாண்டவரின் பாடகர் குழுவைச் சேர்ந்த ஜொவான்னி லூகா கொன்ஃபோர்த்தி ஒரு சிறு கையேடு வெளியிட்டார். இரண்டு மாதத்துக்குள் எவரும் அலங்காரம் பாடக் கற்றுவிடலாம் என்பது அவர் தந்த உறுதி. அந்த இரண்டு மாதத்தை நான் நம்பவில்லை. அவருடைய முறையை முழுக்க நம்புகிறேன். ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்கு ஏற என்னென்ன வழிகள், இறங்க என்னென்ன வழிகள். ஒன்று தாண்டி ஏற, இரண்டு தாண்டி ஏற, இப்படி ஒவ்வோர் இடைவெளிக்கும் வரிசை வரிசையாக எழுதித் தருகிறார். முழுப்பாட்டு எதுவும் இல்லை. கணக்குப் புத்தகத்தின் வாய்ப்பாடு மாதிரி. நானும் சில நாட்கள் அப்படிப் பாடிப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டே சுரங்கள்; அவற்றுக்கு நடுவே எட்டு விதமாகப் பயணம். முதலில் மண்டை காய்கிறது. ஒரு வாரம் போனதும், ஏதோ ஒரு பழைய மெட்டை முணுமுணுக்கும்போது அந்த இடைவெளி எதிர்ப்பட்டால், தொண்டை தானாகவே வழி மாறிப் போகிறது. வாய்ப்பாடு மனதில் ஏறியவருக்கு விடை நாக்கில் வந்து நிற்பது போல.

இதுவரை சொன்னவை எல்லாம் வழிகாட்டி நூல்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டில், குறிப்பிட்ட பாடகர்கள் பாடிய அலங்காரம் தாளில் இறங்கியது ஃபெராராவில்.

அங்கே ஆண்டுகொண்டிருந்த இரண்டாம் அல்ஃபோன்சோ என்ற கோமகன் 1580-இல் தன் அரண்மனையில் ஒரு பெண்கள் குழுவை அமைத்தார். லாரா பெவெராரா, அன்னா குவாரினி, லீவியா தார்கோ. பாடுவதோடு லாரா யாழும் அன்னா லூட்டும் லீவியா வயோலும் வாசிப்பார்கள். விசைப்பலகையில் லுத்ஸாஸ்கோ லுத்ஸாஸ்கி. பாட்டுகளை இயற்றியவரும் அவரே. மாலை வேளைகளில் மணிக்கணக்காக நடந்த அந்தக் கச்சேரிக்கு ஊர்மக்களுக்கு அனுமதி கிடையாது. கோமகனும் அவர் தேர்ந்தெடுத்த விருந்தாளிகளும் மட்டுமே கேட்கலாம். ரகசிய இசை என்றே அதற்குப் பெயர்.

மஃபேயியின் விதியை அவர்கள் மீறினார்கள். இரண்டு பெண்கள், சில இடங்களில் மூவருமே, ஒரே நேரத்தில் சுரத்தை உடைத்தார்கள். ஒரு குரல் பதினாறு சுரங்களில் பாய்ந்து ஏறும்போது இன்னொரு குரல் இரண்டு படி கீழே அதே வேகத்தில் கூடவே ஏறும். இதை நினைத்த மாத்திரத்தில் பாட முடியாது. ஒரு தொண்டை தன்னிஷ்டப்படி ஓடலாம், அதற்கு ஏடு வேண்டாம். மூன்று தொண்டைகள் ஒன்றாக ஓட வேண்டுமானால் முன்கூட்டியே முடிவுசெய்து, எழுதி, பாடம் பண்ணியாக வேண்டும். எழுதாத சுரம் ஏட்டில் ஏறியதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். 1584-இல் ஃபெராராவுக்கு வந்த இசையமைப்பாளர் அலெஸாந்த்ரோ ஸ்த்ரிஜ்ஜோ, அந்தப் பெண்கள் மனப்பாடமாகப் பாடும் பாட்டுகள் அத்தனை ஓட்டங்களோடும் எழுதப்பட்டிருந்த தாள்களைக் கோமகன் தனக்குக் காட்டினார் என்று ஃப்ளோரன்ஸுக்குக் கடிதம் எழுதினார். காட்டினார், அவ்வளவுதான். அச்சுக்குக் கொடுக்கவில்லை.

1597-இல் அல்ஃபோன்சோ வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த ஆண்டே ஃபெராரா போப்பாண்டவரின் ஆட்சிக்குள் போனது. அதே 1598-இல் அன்னா குவாரினியை அவருடைய கணவரே கொன்றார். லாராவும் சில காலத்தில் இறந்துபோனார். 1601-இல் லுத்ஸாஸ்கி அந்தப் பாட்டுகளை ரோமில் அச்சிட்டார்: ஒரு குரலுக்கு, இரண்டு குரலுக்கு, மூன்று குரலுக்கு. அலங்காரங்கள் அத்தனையும் சுரம் சுரமாக, விசைப்பலகைக்கான பகுதியோடு. காப்பாற்ற ரகசியமும் இல்லை, பாடப் பழைய குரல்களும் இல்லை என்றான பிறகு அந்தத் தாள் வெளியே வந்தது. மூன்று குரலுக்கான அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றில் அன்னாவின் குரலைக் கேட்க முயல்கிறேன். எந்த வரி அவருடையது என்று தாள் சொல்வதில்லை.

அலங்காரத்தை எழுதி வைக்காமல் தாள் மட்டும் ஊர் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1770-களில் இசையைத் தேடி ஐரோப்பாவைச் சுற்றிய சார்லஸ் பர்னி எழுதிவைத்த கதை. வாடிகனின் சிஸ்டைன் சேப்பலில் புனித வாரத்தில் மட்டும் பாடப்படும் அல்லெக்ரியின் ‘மிஸெரெரே’ புகழ்பெற்றது. பேரரசர் முதலாம் லியோபோல்ட் தூதர் மூலம் அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, வியன்னாவில் சிறந்த பாடகர்களைக் கொண்டு பாட வைத்தார். சப்பென்று இருந்தது. ரோமில் தன்னை ஏமாற்றி வேறு எதையோ அனுப்பிவிட்டார்கள் என்று பேரரசர் கோபம் கொண்டு புகார் அனுப்ப, சேப்பலின் இசைத் தலைவர் வேலையை இழந்தார். தாள் சரியான தாள்தான், அதைப் பாடும் முறை மட்டும் தாளில் அடங்காது என்று அந்த மனிதர் மன்றாடி விளக்கிய பிறகே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

ஃபெராராவின் நூல் வெளிவந்து ஓராண்டில், 1602-இல், ஃப்ளோரன்ஸில் ஜூலியோ கச்சீனி ‘லெ நுவோவெ மூசிகெ’ நூலை வெளியிட்டார். அவர் எழுதக் காரணம் கோபம். கையெழுத்துப் பிரதிகளாக ஊரெல்லாம் உலவிய தன் பாட்டுகளைப் பாடகர்கள் கண்ட இடத்தில் பிருகா போட்டுக் கிழித்துவிட்டார்கள் என்று முன்னுரையில் ஆற்றாமையோடு எழுதுகிறார். நெட்டசை எது, குற்றசை எது என்று பாராமல் எங்கும் ஓடுகிறார்கள். உணர்ச்சியோடு பாடுவது என்னவென்று தெரியாதவர்களுக்குத்தான் இந்த ஓட்டங்கள், காதைக் கூசவைக்க. ஆனால் அவர் அலங்காரத்தின் பகைவர் அல்லர். எங்கே, எதற்காக என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, தன் வழியைப் பாட்டுகளிலேயே எழுதிக் காட்டுகிறார்.

அவர் கற்றுத்தரும் அலங்காரங்களில் த்ரில்லோ ஒன்று. ஒரே சுரத்தை அகாரத்தில், தொண்டையால் திரும்பத் திரும்பத் தட்டுவது. மெதுவாகத் தொடங்கி, இரண்டு மடங்கு, நாலு மடங்கு என்று வேகம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் நீண்ட சுரத்தில் போய் நிற்பது. படிப்படியான அந்த எடுத்துக்காட்டை நூலில் அச்சிட்டிருக்கிறார். தன் மறைந்த மனைவியும் இப்போதைய மனைவியும் மகள்களும் இந்தப் பயிற்சியில்தான் கற்றார்கள் என்கிறார். அந்த மகள்களில் ஒருவர் ஃப்ரான்செஸ்கா கச்சீனி. 1618-இல் தன் பாட்டுகளைத் தானே நூலாக வெளியிட்டவர், 1625-இல் ஓர் ஆபராவையே இயற்றியவர். வீட்டுக் கூடத்தில் அகார சாதகம் செய்து வளர்ந்த குழந்தை அவர் என்பதை அந்த முன்னுரை போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது.

மகிழ்ச்சியிலோ பெருமிதத்திலோ எழுதப்பட்ட ஏடு ஒன்றும் உண்டு. 1607-இல், அதுவும் பிப்ரவரி 24 அன்றுதான், மாண்டுவாவில் மொந்தெவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ அரங்கேறியது. இறந்த மனைவியைத் தேடிப் பாதாளம் போகும் ஓர்ஃபெயோ, ஆற்றங்கரையில் படகோட்டி கரோன்தேயை இளகவைக்கத் தன் முழு வித்தையையும் காட்டிப் பாட வேண்டும். 1609-இல் வெனிஸில் அச்சான பிரதியில் இந்தப் பாட்டுக்குக் குரல்வரி இரண்டு இருக்கிறது, ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே எலும்பு போல வெறும் மெட்டு. கீழே அதே மெட்டு, சதையும் நரம்பும் நகையும் பூண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் பாடவும் என்று குறிப்பு.

கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை என்பேன். கீழ்வரியைப் பாடம் செய்து அப்படியே ஒப்பிக்கலாம். பலர் செய்கிறார்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கீழ்வரியின் சுரக் கூட்டத்தில் எது நிற்கிறது, எது உதிர்ந்தாலும் பாட்டு மிஞ்சும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தால், மேல்வரி தெரியத் தொடங்கும். எந்தச் சொல்லில் அவர் நகையைக் கழற்றினார், எந்த அசையில் குவித்தார் என்பதும் அப்போதுதான் தெரியும். பாட்டின் போக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. அத்தனை வித்தைக்கும் பிறகு, கடைசிச் சரணத்தில் பிருகா எல்லாம் உதிர்ந்து, நரம்பிசையின் மேல் வெறும் மெட்டில் கெஞ்சுகிறான் ஓர்ஃபெயோ. கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அங்கேதான் தொண்டை அடைக்கிறது.

பிரான்சில் இதே கலை வேறு முகம் கொண்டது. இசைப்பாட்டின் இரண்டாம் சரணத்தை அலங்கரித்துப் பாடுவதற்கு ‘தூப்ளு’ என்று பெயர்; மிஷேல் லாம்பேர் அதில் பெயர் பெற்றவர். 1668-இல் பாஸியி எழுதிய பாட்டு நூலின் ஒரு பெரும்பகுதி பிரெஞ்சு அசைகளின் குறில் நெடில் பற்றியது. எந்த அசை நீளும் என்று தெரிந்த பிறகே அலங்காரம். யாப்பு படித்த தமிழனுக்கு இதில் வியப்பு இருக்காது.

1723-இல் போலோன்யாவில் பியெர் ஃப்ரான்செஸ்கோ தோசி தன் நூலை வெளியிட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார். காஸ்த்ராத்தோ பாடகர், அதாவது சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டு உச்சக் குரல் காத்தவர், லண்டனில் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர். டா காபோ பாட்டை எப்படிப் பாடுவது என்பதற்கு இன்று எல்லா ஆசிரியர்களும் சொல்லும் விதி அவரிடமிருந்து வந்ததுதான். முதல் பகுதியில் மிக எளிய அலங்காரம் போதும், பாட்டு இயற்றப்பட்டபடி விளங்க வேண்டும். நடுப்பகுதியில் இன்னும் கொஞ்சம். திரும்பி வரும்போது, பாடியதை மாற்றி மேலும் அழகாக்கத் தெரியாதவர் பெரிய வித்வான் அல்லர். இந்த மாற்றங்கள் எல்லாம் கீழ்க்குரலின் காலத்துக்குள் நடக்க வேண்டும். ஒரு சுரத்தில் திருடிய காலத்தை அடுத்த சுரத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடினமானது எளிதாகத் தோன்ற வேண்டும், யோசித்து வைத்தது அப்போதுதான் பிறந்தது போலிருக்க வேண்டும்.

அப்போஜ்ஜியாத்தூரா என்ற சாய்வுச் சுரத்தைக்கூடத் தாளில் குறித்துத்தரும் புதிய இசையமைப்பாளர்கள் மீது அவருக்கு வருத்தம். எங்கே சாய வேண்டும் என்றுகூடப் பாடகருக்குத் தெரியாதா? பிறர் அலங்காரத்தை நகலெடுக்கும் இளைஞர்கள் மீதும் வருத்தம். எழுதித் தராதீர்கள் என்று சொல்வதற்காக எழுதப்பட்ட நூல் அது என்று எனக்குத் தோன்றும். அதற்கு நல்ல காலம் இருந்தது: 1742-இல் கல்லியார்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1757-இல் பாஹின் மாணவர் அக்ரிகோலாவின் விரிவான உரையோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பு.

அதே 1723 ஜனவரியில் லண்டனில் ஹாண்டலின் ‘ஒத்தோனெ’ அரங்கேறியது. ஃப்ரான்செஸ்கா குட்ஸோனிக்கு லண்டனில் முதல் மேடை. தனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பாட்டைப் பாட அவர் மறுத்தார் என்றும், ஹாண்டல் அவரைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன் என்று மிரட்டினார் என்றும் 1760-இல் மெய்ன்வாரிங் எழுதிய வரலாறு சொல்கிறது. பலருக்கும் தெரிந்த கதை. இதே ஆபராவோடு சேர்ந்த இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ‘ஒத்தோனெ’ பாட்டுகளின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. எழுத்து நகலெடுப்பவருடையது, ஆனால் குரல்வரியில் இடையிடையே ஹாண்டலே தன் கையால் அலங்காரங்களைச் சேர்த்திருக்கிறார். இத்தாலிய வழக்கத்தில் வளராத ஒரு பாடகருக்காக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. குட்ஸோனியைப் போன்றவர்களுக்கு எழுதித்தர வேண்டியிருக்காதே. தெரியாத ஒருவர் கேட்டதால், தெரிந்தவர் எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் விண்டன் டீன் 1976-இல் அதிலிருந்து மூன்று பாட்டுகளை அச்சிட்டார்.

அவற்றைப் பார்த்தால் ஹாண்டலின் கை எவ்வளவு அடக்கமானது என்று தெரியும். பெரும்பாலும் சின்னச் சின்ன மாற்றங்கள். தாவலுக்கு நடுவில் ஒரு படி. நின்ற சுரத்தில் ஒரு சாய்வு. மெட்டு எங்கும் தொலைவதில்லை. இதன் பக்கத்தில், 1753-இல் பாடகர் ஃபாரினெல்லி பேரரசி மரியா தெரேஸாவுக்கு அனுப்பிவைத்த தொகுப்பை வைத்துப் பார்க்க வேண்டும். இராப்பாடிப் பறவையைப் பற்றிய ஜாகொமெல்லியின் பாட்டு அதில் ஒரு சுர வெள்ளமாகவே இருக்கிறது. இரண்டும் உண்மையான சாட்சியங்கள். ஃபாரினெல்லியின் தாள் அந்த ஒரு தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. புதிதாகக் கற்பவர் ஹாண்டலிடம் போவதே நல்லது.

அடுத்த நூற்றாண்டில், இயற்றியவர் எழுதியதை எழுதியபடி பாடுவதே மரியாதை என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது. 1920-இல் கோட்டிங்கனில் ஆஸ்கர் ஹாகென் ஹாண்டலின் ‘ரோதெலிந்தா’வை மறுபடி மேடையேற்றியபோது, திரும்பி வரும் பகுதிகள் பெரும்பாலும் வெட்டப்பட்டன. பாடியதையே ஏன் பாட வேண்டும் என்று தோன்றியதில் தவறில்லை. மாற்றிப் பாடத் தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. 1957-இல் லண்டனில் ஜோன் சதர்லண்ட் ‘அல்சினா’வில் திரும்பும் பகுதிகளை அலங்கரித்துப் பாடினார். அதற்குள் ஆய்வாளர்கள் கனாஸ்ஸியையும் ஓர்த்திஸையும் கச்சீனியையும் தூசு தட்டி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இன்று பழைய இசை கற்றுத்தரும் வகுப்புகளில் பென்சில்தான் முக்கியக் கருவி. மாணவி முதலில் கீழ்க்குரலை மட்டும் பாடுகிறாள். அடுத்து சொற்களை மட்டும் உரக்கப் படிக்கிறாள், எந்த அசை நெடில் என்று அடிக்கோடு போட்டு. பிறகு வெறும் மெட்டு, பல தடவை. அதன் பிறகே தாளின் மேல் ஒரு காலிக் கோட்டில் தன் சுரங்களை எழுதத் தொடங்குகிறாள். ஒரே வரிக்கு மூன்று விதமாக எழுதி வரச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. மறு வகுப்பில் பாதியை அடித்துவிடச் சொல்வார்கள். எழுதியதைப் பார்க்காமல் பாடு என்பார்கள். பார்க்காமல் பாடும்போது எழுதியதில் சில மறந்துபோகும், எழுதாதது ஒன்றிரண்டு வந்து சேரும். ஆசிரியர் அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் காத்திருக்கிறார்.

அல்மிரேனாவின் பாட்டை இப்படிப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது அந்த மௌனங்களை எல்லாம் சுரத்தால் நிரப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவர் முதல் மௌனத்தைத் தொடுவதில்லை. இரண்டாம் வரியில் ஒரே ஒரு சாய்வுச் சுரம் வைக்கிறார், நீண்ட அசையில், கீழ்க்குரலோடு உறுத்தும்படி. அது தீருவதற்குள் அடுத்த மௌனம் வந்துவிடுகிறது. நரம்பிசை முதல் தடவை வாசித்ததையே வாசித்துக்கொண்டு நகர்கிறது.